தொட்டால் துள்ளும் லோடர்

ஹைட்ராலிக் மெக்கானிக் தொழிலில் எண்ணெய் கசிவதை நிறுத்திவிடலாம், ஆலோசனை கசிவதை மட்டும் எந்த வாஷர் போட்டும் நிறுத்த முடியாது.

காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பழைய எந்திரம் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு தவிப்பவர்களும், அப்படித் தவிப்பவருக்கு நண்பராக இருந்து தொலைத்தவர்களும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வீர்கள். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

இது ஒரே ஒரு வண்டியின் கதை. ஸ்கிட் லோடர் என்பார்கள். நாலு சக்கரம், முன்னால் ஒரு பெரிய வாளி, நடுவில் கோழிக்கூண்டு மாதிரி ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஆபரேட்டர். ஸ்டியரிங் கிடையாது. இடது கைக்கு ஒரு லீவர், அது இடது பக்கச் சக்கரங்களுக்கு. வலது கைக்கு ஒன்று, அது வலது பக்கத்துக்கு. வாளியைத் தூக்கவும் இறக்கவும் காலுக்கடியில் பெடல்கள். பெரிய எந்திரங்கள் நுழைய முடியாத எங்கள் பக்கத்து வீடுகளின் பின்வாசலில் இது நுழைந்து, முற்றத்தில் நின்ற இடத்திலேயே திரும்பி, மண்ணை அள்ளிக்கொண்டு வெளியே வரும். அதாவது, வர வேண்டும்.

போனில் வைத்தியம்

வண்டிக்குச் சொந்தக்காரர் சாக்கோட்டை கதிரேசன். தென்னந்தோப்பும் வயலும் இருக்கின்றன. அவை போதுமான அளவுக்குத் தலைவலி தரவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பதினெட்டு வயதான ஒரு லோடரை எங்கோ பழைய எந்திரம் விற்கிற ஒரு யார்டில் பார்த்து வாங்கி வந்துவிட்டார். வந்த மூன்றாம் வருடம் எனக்குப் போன் செய்தார். "சவரிமுத்து அண்ணே, லீவரத் தொட்டா வண்டி துள்ளுது. என்னவா இருக்கும்?"

வந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவர் விடவில்லை. சத்தத்தைக் கேட்டே சொல்லுங்கள் என்று போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்தார். இன்ஜின் சத்தம் கேட்டது. ஒரு சேவல் கூவியது. யாரோ ஒரு அம்மாள் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். இதிலிருந்து எனக்கு எதுவும் விளங்கவில்லை என்றதும் வீடியோ அனுப்பினார். முதல் பாதி முழுக்க அவருடைய கட்டைவிரல். இரண்டாம் பாதியில் வண்டி இருந்தது, ஆனால் நின்றுகொண்டிருந்தது. இதை வைத்தும் என்னால் கண்டுபிடிக்க முடியாது, நேரில் வருகிறேன் என்றேன். கதிரேசன் உண்மையிலேயே மனம் நொந்து சொன்னார்: "நேர்ல வந்து பாக்குறதுக்கு மெக்கானிக் எதுக்குண்ணே? நான் தெனமும் நேர்லதான பாத்துக்கிட்டு இருக்கேன்."

பட்டில் வடித்த ஆயில்

சாக்கோட்டைக்குப் போனேன். ஷெட்டில் வண்டிக்குப் பக்கத்தில் ஆபரேட்டர் முத்துக்கருப்பன் நின்றார். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாத ஆள். அவர் வாயைத் திறக்குமுன் கதிரேசனே, வாளி விக்கி விக்கி ஏறுவது உட்பட, வண்டியின் வரலாறு முழுவதையும் சொல்லிவிட்டார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் நான் ஹைட்ராலிக் டேங்க் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது எண்ணெய் என்று சொல்லலாம். நுரை பொங்கிய, ஆறிப்போன காபி என்றும் சொல்லலாம். எண்ணெயில் காற்று கலந்துவிட்டால் அது எண்ணெய் மாதிரி சீராகத் தள்ளாது. அமுங்கி அமுங்கித் தள்ளும். வாளி விக்கி விக்கி ஏறுவதற்கு அது ஒன்றே போதும். பில்டரைக் கழற்றினேன். அடைத்துப்போய், அதில் எண்ணெய் போக வழி என்று எதுவும் இல்லை.

"என்ன ஆயில் ஊத்துனீக?" என்று கேட்டேன்.

"கொறஞ்சப்பல்லாம் ஊத்துவேண்ணே. டிராக்டர்லேருந்து வடிச்ச ஆயில் டின் டின்னாக் கெடக்கு. வீணாப் போகுதேன்னு..."

"ஓடித் தேய்ஞ்ச ஆயிலையா? அப்படியேவா?"

"அப்புடியே ஊத்துவாகளா? வடிகட்டித்தான் ஊத்துனேன்."

பில்டரில் ஒட்டியிருந்த பளபளப்பான நூல்களை விரலில் எடுத்துக் காட்டினேன். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஏனோதானோன்னு கிழிஞ்ச துணியில வடிப்பேனா? என் கல்யாணத்துப் பட்டு வேட்டிண்ணே அது."

கண்டனூரில் ஒரு அண்டா

டேங்கைக் கழுவி, புது ஆயிலும் புது பில்டரும் போட்டதில் வாளி ஒழுங்காக ஏறி இறங்க ஆரம்பித்தது. வண்டியின் துள்ளல் மட்டும் முழுதாகப் போகவில்லை. இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றேன். கதிரேசனுக்கு நேரமில்லை. கண்டனூரில் விசாலாட்சி ஆச்சி வீட்டு வேலையை ஒப்புக்கொண்டிருந்தார். ஆச்சிக்கு ஐம்பது வயது, குடியிருப்பு சென்னையில். மகள் கல்யாணத்தை ஊர் வீட்டில்தான் நடத்துவது என்று வந்து இறங்கியிருந்தார். போன மழையில் வீட்டின் இரண்டாம் கட்டில் கூரை ஒரு பக்கம் சரிந்து, ஓடும் மண்ணும் உத்திரக் கட்டையுமாக முற்றத்தை அடைத்துக் கிடந்தது. பந்தி அங்கேதான் நடக்க வேண்டும். கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள்.

நானும் கூடப் போனேன். முத்துக்கருப்பன் பின்வாசல் வழியாக வண்டியை அங்குலம் அங்குலமாக உள்ளே கொண்டுபோனார். இரண்டு கருங்கல் தூண்களுக்கு நடுவே மெல்லத் திரும்ப வேண்டும். திரும்பினார். வண்டி ஒரு கணம் சும்மா நின்றது. அடுத்த கணம் கொம்பைச் சிலுப்பிய மாதிரி ஒரு பாய்ச்சல். தூணுக்கும் வாளிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி மிஞ்சியது. அந்தப் பக்கம் கல்யாணத்துக்காகப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த பெரிய செம்பு அண்டா மாட்டிக்கொண்டு தட்டையாகிப் போனது.

ஆச்சி போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்து பார்த்தார். போனில் இருந்தவரிடம் "அப்பறம் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, கதிரேசனைப் பார்த்துக் கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "அண்டா நசுங்குனா வேற அண்டா வாங்கிக்கிருவேன். தூணு விழுந்தா கல்யாணம் முடியிற வரைக்கும் அந்த எடத்துல நீங்க நிப்பீகளா?"

தளும்பாத டீ

அன்று வெளியே வந்ததும் கதிரேசன் தீர்ப்பு சொல்லிவிட்டார். வண்டிக்குப் புது ஆயில் ஊற்றியாகிவிட்டது. ஆகவே கோளாறு வண்டியில் இல்லை. ஆகவே முத்துக்கருப்பன் கையில்தான் இருக்கிறது. கை நடுங்குகிறது, அதனால் லீவர் நடுங்குகிறது, அதனால் வண்டி துள்ளுகிறது. அவ்வளவுதான். நான் குறுக்கே பேசப் போனேன். பம்ப்பாக இருக்கலாம் என்றேன். என் பேச்சு எடுபடவில்லை.

தெருமுனை டீக்கடையில் ஒரு பரீட்சையே நடந்தது. கிளாஸ் நிரம்ப, விளிம்பைத் தாண்டி ஒரு கோடு நிற்கிற மாதிரி கதிரேசன் டீ வாங்கினார். "இத எடுத்துக்கிட்டு அந்த லைட்டுக் கம்பம் வரைக்கும் போயிட்டு வா முத்து" என்றார். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துக்கருப்பன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கிளாஸை எடுத்தார். கம்பம் வரை போனார், திரும்பினார், வந்தார். மேசைமேல் வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்ததும் தோன்றியது அடங்கிவிட்டது. அடுத்த வாரம் வரைக்கும் வீட்டில் இரு, சொல்லி அனுப்புகிறேன் என்று கதிரேசன் அவரை அனுப்பிவிட்டு, அந்த டீயைத் தானே எடுத்துக் குடித்தபடி என்னிடம் சொன்னார்: "டீ கொண்டு போறது வேறண்ணே. அதுல ஹைட்ராலிக் இல்லேல்ல."

நானும் ஒரு மேதை

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இப்போது என் பங்கு. இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ளவன் சின்னதாக எதையும் சந்தேகிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு மிடுக்கு. சக்கரத்தை ஓட்டும் பம்ப் தேய்ந்துவிட்டது என்று அடித்துச் சொன்னேன். கூண்டைத் தூக்கி, குழாய்களைக் கழற்றி, பம்ப்பை இறக்க இரண்டு நாள் ஆனது. அதைச் சாக்கில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மதுரை போனேன். அங்கே பம்ப்பைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கிற பெஞ்ச் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எனக்கு முன்னாலேயே இந்தத் தொழிலில் காது போனவர்.

பம்ப்பைப் பூட்டினார். ஓட்டினார். மீட்டரைப் பார்த்தார். மறுபடி ஓட்டினார். நான் பக்கத்தில் நின்று, எங்கே தேய்ந்திருக்கும், என்னென்ன மாற்ற வேண்டியிருக்கும் என்று அவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்ச்சை நிறுத்தி, கையைத் துடைத்து, பம்ப்பை மறுபடி அதே சாக்கில் சுற்றி என் கையில் வைத்தார். "பம்பு ஒங்களவிட ஆரோக்கியமா இருக்கு. பஸ்ஸுல உக்கார எடம் இல்லேன்னா அத உக்கார வச்சுட்டு நீங்க நின்னுக்கிட்டுப் போங்க."

கண்ணாடி போட்ட ஆபரேட்டர்

நான் மதுரையில் அவமானப்பட்டுக்கொண்டிருந்தபோது கதிரேசன் புது ஆபரேட்டர் ஒருவரைப் பிடித்துவிட்டார். சிவகங்கைக்காரர். கறுப்புக் கண்ணாடி, கையுறை, பிளாஸ்டிக் உறையில் ஒரு சர்டிபிகேட். பம்ப்பை நான் திரும்பப் பூட்டி முடிக்கும் வரை அந்தச் சர்டிபிகேட்டைக் கதிரேசன் என்னிடம் மூன்று தடவை காட்டினார். மூன்றாவது தடவை, என் சர்டிபிகேட் எங்கே என்று கேட்பாரோ என்று பயந்தேன்.

தோப்புக்குப் பக்கத்துப் பொட்டலில் சோதனை ஓட்டம். அவர் ஏறினார், பாதுகாப்புப் பாரை மடிமேல் இறக்கினார், ஒரு சினிமாத்தனத்தோடு இரண்டு லீவரையும் பிடித்தார். நேராக நன்றாகத்தான் போனார். கதிரேசன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிறகு ஆபரேட்டர் வண்டியைத் திருப்பினார். வண்டி சும்மா இருந்தது, பிறகு பாய்ந்தது. பதறிப்போய் லீவரைப் பின்னால் இழுத்தார், பின்னால் பாய்ந்தது. மறுபடி முன்னால். கறுப்புக் கண்ணாடி கழன்று வாளிக்குள் விழுந்தது. நாலாவது பாய்ச்சலில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். வாளிக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். சர்டிபிகேட்டைக் கதிரேசன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எனக்கு வண்டி ஓட்டத்தாங்க சர்டிபிகேட் குடுத்துருக்காக. மஞ்சுவிரட்டுக்கு இல்ல."

இருபத்திமூன்று காரணங்கள்

இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி துள்ளினால் கையில் கோளாறு இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கதிரேசனுக்கு, இரண்டு பேர் கையும் சரியில்லை என்று புரிந்தது. நல்லவேளையாக அவருடைய மைத்துனர் அருண் வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் லோடர்களைப் பற்றி எழுதிவைத்ததையெல்லாம் ராத்திரி பகலாகப் படித்து, துள்ளலுக்கு இருபத்திமூன்று காரணங்களைக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஆங்கிலத்தில். வரிசையாக வாசித்துத் தமிழில் எனக்கு விளக்கவும் செய்தார்.

முதல் பக்கத்தில் அவர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது கண்ட்ரோல் போர்டு. போர்டை மாற்றிவிட்டால் போதும் என்றார். இந்த வண்டியில் போர்டே கிடையாது என்றேன். சென்சார் இருக்குமே என்றார். கிடையாது என்றேன். லீவரிலிருந்து ஒரு இரும்புத் தண்டு போகிறது, அது பம்ப்பின் கையைப் பிடித்து இழுக்கிறது, அவ்வளவுதான் இதன் மூளை என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அந்தக் காகிதத்தின் முதல் வரியே, எளிதானதை முதலில் பார், தண்டும் ஆணியும் ஆடுகிறதா என்று பார் என்பதுதான் என்று பிற்பாடுதான் கவனித்தேன். அருணுக்கு அது ரொம்பச் சாதாரணமாகப் பட்டிருக்கிறது. மேதையான எனக்கும் அப்படித்தான். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடைசி நம்பிக்கையோடு கேட்டார்: "அப்ப இதுக்கு அப்டேட்டே வராதாண்ணே?"

இளையாத்தங்குடியில்

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஆச்சி கதிரேசனுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டு எனக்குச் செய்ய ஆரம்பித்திருந்தார். அதைவிட, முத்துக்கருப்பனின் அந்த டீ கிளாஸ் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லி அனுப்புவதாகச் சொன்ன வாரம் போய்விட்டது, யாரும் சொல்லி அனுப்பவில்லை. விசாரித்ததில் இளையாத்தங்குடியில் ஒருவரிடம் டிராக்டர் ஓட்டுகிறார் என்றார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

வயலோரம் டிராக்டரை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். உட்காரச் சொல்லி நானும் வரப்பில் உட்கார்ந்தேன். பம்ப் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "எப்பத் துள்ளுது முத்து?" என்று கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தூக்கை மூடிவைத்தார். "நேராப் போகயில ஒண்ணும் இல்லண்ணே. வலது லீவரத்தான் பாக்கணும். மெல்லத் தள்ளுனா ஒரு வெரக்கடை, ஒரு வெரல் அகலம், சும்மா போகும், வண்டி அசையாது. அதுக்கப்பறம் மொத்தமாப் புடிக்கும். இடது லீவர்ல அது இல்ல. எட்டு மாசமா இருக்கு. மொதல்ல அரை வெரக்கடைதான் போச்சு."

இரண்டு நாள் கூண்டைக் கழற்றி, மதுரைக்குப் பஸ் ஏறி, திரும்ப இரண்டு நாள் பூட்டி நான் கண்டுபிடிக்காததை அந்த மனிதர் ஒரு வாய் சோற்றுக்கும் இன்னொரு வாய் சோற்றுக்கும் நடுவில் சொல்லிவிட்டார். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டேன். வருத்தமாகக்கூட இல்லை, தகவல் சொல்வது போலத்தான் சொன்னார்: "நீங்க வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தீக. மொதலாளி பேசிக்கிட்டே இருந்தாக. என்னைய யாரும் கேக்கலையேண்ணே."

பாரும் ஒயரும்

காட்டிவிட்டுப் போய்விடுகிறேன், ஓட்ட மாட்டேன் என்று சொல்லித்தான் முத்துக்கருப்பன் மறுநாள் சாக்கோட்டைக்கு வந்தார். கதிரேசனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். வண்டியைக் கட்டைமேல் ஏற்றிச் சக்கரம் தரையில் படாமல் நிறுத்தினோம். முத்துக்கருப்பன் உள்ளே ஏறி, வாளியைத் தாங்கும் இரும்புக் கைகள் இரண்டையும் மேலே தூக்கினார். இன்ஜின் ஓடட்டும், லீவரை நானே அசைத்துத் தண்டு எப்படி இழுக்கிறது என்று பார்க்கிறேன் என்றேன். அவர் பாரை நிமிர்த்திவிட்டு இறங்கினார். இறங்கியதும் முதல் காரியமாகத் தூக்கிய கைக்கு அடியில் இரும்பு முட்டு ஒன்றை மாட்டி ஆணியைச் செருகினார். நான் அவசரத்தில் அதைக்கூடக் கவனிக்காமல் குனிந்து தலையை உள்ளே விட்டேன்.

கதிரேசனுக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க ஒரு காலை உள்ளே ஊன்றினார். ஊன்றியது பெடலில். தலைக்கு மேல் டங் என்று ஒரு சத்தம். நாலு விரல் இறங்கிய அந்த இரும்புக் கைகள் முட்டின்மேல் உட்கார்ந்து நின்றன. முட்டு இல்லையென்றால் அவை நேராக என் முதுகில் உட்கார்ந்திருக்கும். நான் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தேன். முத்துக்கருப்பன் இன்ஜினை அணைத்தார்.

கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்டேன். பார் மேலே இருக்கும்போது பெடல் வேலை செய்யக் கூடாதே, எப்படிச் செய்தது? சீட்டுக்குப் பக்கத்தில் கைவிட்டுப் பார்த்தேன். பாரின் சுவிட்சைக் கடந்து ஒரு சிவப்பு ஒயர் முறுக்கி இணைக்கப்பட்டிருந்தது. அந்தச் சுவிட்ச் அடிக்கடி வண்டியை நிறுத்தித் தொந்தரவு செய்ததால் தான்தான் எலக்ட்ரீசியனை வைத்துப் போடச் சொன்னதாகக் கதிரேசன் ஒப்புக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. முத்துக்கருப்பன்தான் பேசினார்: "ரெண்டு வருசமா முட்டுக் குடுக்காம நான் எறங்குனதே இல்ல. அது என் பழக்கம் மொதலாளி, வண்டியோட பழக்கம் இல்ல."

விரல் நீளச் சமாசாரம்

வலது லீவரின் தண்டு பம்ப்பின் கையோடு சேருகிற இடத்தில் ஒரு ஆணி. ஆணியைச் சுற்றி ஒரு சின்னப் பித்தளைக் குழாய், புஷ் என்போம். வட்டமாக இருக்க வேண்டிய அதன் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஆணியிலோ கயிறு தேய்த்த கிணற்றுக் கல் போல ஒரு பள்ளம். லீவரைத் தள்ளினால் முதலில் அந்த ஓட்டையில் ஆணி சும்மா நடக்கும், பிறகு சுவரில் முட்டி மொத்தமாக இழுக்கும். வண்டி பாயும். பயந்துபோய்ப் பின்னால் இழுத்தால் அதே கதை பின்பக்கமாக நடக்கும். ரகசியம் அவ்வளவுதான். லேத்துப் பட்டறையில் கொடுத்து மத்தியானத்துக்குள் புது புஷ்ஷும் ஆணியும் கடைந்து வாங்கி வந்தேன். சிவப்பு ஒயரைப் பிடுங்கிவிட்டுப் புது சுவிட்ச் போட்டேன். லீவர் நடுவில் சரியாக நிற்கும்படி திருகி வைத்தேன்.

கதிரேசன் அந்தப் பழைய புஷ்ஷை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என்னைத் தனியாக அங்குட்டுக் கூப்பிட்டுப் போய், தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஊரே விசாரிக்குதுண்ணே. இம்புட்டுச் சின்ன சாமான்னு எப்புடிச் சொல்றது? வெளிய சொல்லிக்கிற மாதிரி பெருசா ஒரு பழுதாச் சொல்லுங்களேன்."

மறுபடி கண்டனூர்

வண்டி தயார். ஓட்ட ஆள் இல்லை. முத்துக்கருப்பன் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கதிரேசன் அவர் பக்கத்தில் போய் நின்றார். வானத்தைப் பார்த்தார், தென்னை மட்டையைப் பார்த்தார். "ஒங் கையில தப்பு இல்லேன்னு மெக்கானிக்கு சொல்றாரு முத்து" என்றார். முத்துக்கருப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். "மெக்கானிக் சொல்றது இருக்கட்டும் மொதலாளி. நீங்க சொல்லுங்க." கதிரேசன் மட்டையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "ஒங் கையில தப்பு இல்லப்பா. டீக்கடையில அப்புடிச் செஞ்சிருக்கக் கூடாது" என்று கதிரேசன் சொன்னார். முழுசாகச் சொன்னார், பாதியில் விழுங்கவில்லை. இனிமேல் அந்தச் சுவிட்சில் யாரும் கைவைக்கக் கூடாது என்று முத்துக்கருப்பன் ஒரு நிபந்தனை போட்டார். அதற்கும் கதிரேசன் தலையாட்டினார்.

கண்டனூரில் ஆச்சி தூணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இடித்தால் என்னை இடிக்கட்டும் என்கிற மாதிரி. முத்துக்கருப்பன் பின்வாசலில் நுழைந்தார். தூண்களுக்கு நடுவில் வந்தார். வலது லீவரைத் தள்ளினார். வண்டி, தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர் மாதிரித் திரும்பியது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஆச்சி நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் நாள் முற்றம் துடைத்துவிட்டது போல இருந்தது. கூலியோடு மூன்று பேருக்கும் கல்யாணப் பத்திரிகையும் வந்தது. கதிரேசன் பூரித்துப்போய், "பாத்தீகளா ஆச்சி, நம்ம வண்டிய" என்றார். ஆச்சி பத்திரிகைமேல் முத்துக்கருப்பன் பெயரை எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "வண்டியப் பாக்கல. ஓட்டுனவரத்தான் பாத்தேன். குடும்பத்தோட வந்துருங்க முத்துக்கருப்பன்."

பந்தியில் ஒரு செய்தி

கல்யாணம் நன்றாக நடந்தது. அந்த முற்றத்தில்தான் பந்தி. முத்துக்கருப்பன் மனைவி, மகளோடு வந்திருந்தார். நான் இரண்டாவது தடவை பாயசம் வாங்கியபோது பக்கத்து இலையில் கதிரேசன் வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். இலையில் விழுந்த எதையும் பார்க்காமல் என் பக்கம் சாய்ந்தார். பழைய ஜாமான் விற்கிற யார்டு ஒன்றில் இன்னொரு லோடர் கண்ணில் பட்டதாம். முந்தியதைவிட நாலு வயது மூத்தது. விட மனசு வரவில்லையாம். காலையில்தான் லாரியில் வந்து இறங்கியிருக்கிறது.

என் கையிலிருந்த பாயசம் ஆறிப்போனது. எதிர் வரிசையில் முத்துக்கருப்பன் காதில் இது விழுந்ததா என்று பார்த்தேன். விழுந்திருக்கிறது, அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும் துள்ளுதா?" என்று கேட்டேன். கதிரேசன் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "துள்ளலாம் இல்லண்ணே. அசையவே மாட்டேங்குது."

எந்திரத்தின் துள்ளலை நிறுத்த விரல் நீளப் பித்தளை போதும், அதை வாங்குகிறவரின் துள்ளலை நிறுத்துகிற ஸ்பேர்தான் இன்னும் எந்தக் கடைக்கும் வந்து சேரவில்லை.